டொயோட்டா ஹைலக்ஸ்: எஞ்சின் தாராளம், எடைக்கணக்கு கறார்

ஹைலக்ஸ் பிக்கப் என்று பேச்செடுத்தாலே 500 நியூட்டன் மீட்டர் டார்க் (எஞ்சினின் இழுவைத் திறன்), 700 மிமீ ஆழத் தண்ணீரிலும் இறங்கும் துணிச்சல் என்றுதான் ஆரம்பிப்பார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் இதை வாங்கி அன்றாடம் ஓட்டப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டிய எண்கள் ஆர்சியில் இருக்கின்றன: காலி எடையும் மொத்த எடையும்.

மொத்த எடை ஏறக்குறைய 2,900 கிலோ. காலி வண்டியே 2,100 கிலோவை ஒட்டி இருக்கிறது. மிச்சம் 800 கிலோ. ஐந்து பேர் ஏறினால் ஆளுக்கு 70 கிலோ என்று வைத்தாலும் 350 போய்விடும். பின்தொட்டிக்குக் கிடைப்பது சுமார் 450 கிலோ, அதாவது ஒன்பது மூட்டை சிமெண்ட். வாங்கிய கையோடு பலர் மாட்டும், தொட்டியை மூடும் ஃபைபர் கேனோபி 50 கிலோவுக்குக் குறையாது. முன்னால் இரும்பு பம்பரும் வின்ச்சும் சேர்ந்தால் இன்னொரு 80 கிலோ. எல்லாம் மாட்டி முடித்துக் குடும்பத்தோடு கிளம்பும்போது தொட்டியில் சட்டப்படி ஏற்றக்கூடியது ஆறு மூட்டைதான். வெளிநாடுகளில் இதே வண்டியை ஒரு டன் பிக்கப் என்று விற்கிறார்கள். இங்கே தனியார் கார் போலப் பதிவாவதால் கணக்கு வேறு. சேஸிஸ் தாங்கும் என்பது வேறு விஷயம், விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ் சர்வேயர் பார்ப்பது ஆர்சியில் உள்ள எண்ணைத்தான்.

வெள்ளை போர்டு என்பதால் சொந்தச் சரக்கை ஏற்றலாம், வாடகைக்கு ஏற்றக் கூடாது. தினமும் ஒரு டன் காய்கறியோ கம்பியோ இழுப்பதுதான் வேலை என்றால் பொலேரோ பிக்கப்பும் டாடா யோதாவும் மூன்றில் ஒரு பங்கு விலையில் இரண்டு மூன்று மடங்கு சுமக்கும். ஹைலக்ஸ் வேறு ஆளுக்கானது. வாரத்தில் நாலு நாள் அலுவலகம் அல்லது கடை, ஒரு நாள் தோட்டம் அல்லது கட்டட வேலை நடக்கும் இடம், மாதம் ஒரு முறை மலையோ கடலோ என்று ஓடுகிறவருக்கு இது பொருந்தும்.

தொட்டியில் எது அடங்கும், எது அடங்காது

தொட்டியின் நீளம் ஐந்தடிக்குச் சற்றே கூட. வீல் ஆர்ச்சுகளுக்கு இடையில் உள்ள அகலம் சுமார் 1,100 மிமீ. இந்த இரண்டாவது அளவைத்தான் கடைக்குப் போகும் முன் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எட்டுக்கு நாலு ப்ளைவுட் 1,220 மிமீ அகலம். எனவே தரையில் படியாது, ஆர்ச்சுகளின் மேல்தான் உட்காரும். நடுவில் தாங்கலாக இரண்டு ரீப்பர் கட்டை குறுக்கே போடாவிட்டால் அதிர்வில் பலகை வளைந்து ஓரம் உடையும். நீளத்திலும் மூன்றடி வெளியே நிற்கும். டெயில்கேட்டை, அதாவது தொட்டியின் பின்கதவைத் திறந்து வைத்தாலும் ஓரடிக்கு மேல் நீட்டும்.

இருபது அடி பிவிசி பைப்பை இதில் கொண்டுவர முயல வேண்டாம். முக்கால்வாசி வெளியே தொங்கும், அது விதிமீறல். பின்னால் வரும் பைக்காரருக்கு உயிர் ஆபத்து. கடைக்காரரின் குட்டியானையில் போடச் சொல்லிவிடுவதுதான் உத்தமம்.

நன்றாக அடங்குபவை: நீர்மூழ்கி மோட்டாரும் கேபிள் சுருளும், 200 லிட்டர் டீசல் டிரம் (நிரம்பினால் எடை ஏறக்குறைய 190 கிலோ), உர மூட்டை, சிறிய ஜெனரேட்டர், வெல்டிங் செட், தென்னங்கன்றுகள், இரண்டு சைக்கிள். 500 லிட்டர் தண்ணீர் டேங்கும் இடத்துக்கு அடங்கும். ஆனால் நிரப்பினால் அரை டன். பாதி நிரப்பினாலோ எடைப் பிரச்சினை போய் அலம்பல் பிரச்சினை வரும், திருப்பத்தில் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து வண்டியை இழுக்கும். தண்ணீரை 20 லிட்டர் கேன்களில் கொண்டு போவது பாதுகாப்பு.

மோட்டார் சைக்கிள் ஏற்றலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. கிளாசிக் 350 போன்ற வண்டி 195 கிலோ, நீளம் 2,145 மிமீ. முன்சக்கரத்தைக் கேபின் பக்க மூலையில் முட்டவைத்து, மூலைக்கு மூலை கோணலாக நிறுத்தினால் பின்சக்கரம் டெயில்கேட்டின் மேல் வரும். அந்த இடத்தில் முழு எடையும் ஒரே புள்ளியில் அழுந்துவதால் தகடு குழிந்துவிடும். 18 மிமீ பலகை ஒன்றைத் தொட்டித் தரையிலிருந்து கேட் வரை நீளமாகப் போட்டு அதன்மேல் ஏற்றுங்கள். ராட்செட் பெல்ட் நாலு வேண்டும். முன்பக்க இரண்டையும் ஹேண்டில்பாரில் கட்டாமல் ஃபோர்க்கின் கீழ் க்ளாம்பில் மாட்டி, சஸ்பென்ஷன் பாதி அமுங்கும் வரை இறுக்குங்கள். முழுக்க அமுக்கினால் ஃபோர்க் சீல் கசியும்.

இன்னொன்று, ஷோரூமில் யாரும் சொல்லமாட்டார்கள். ரிவர்ஸ் கேமரா டெயில்கேட் கைப்பிடியில் இருக்கிறது. கேட்டைத் திறந்துபோட்டு ஓட்டும்போது திரையில் தெரிவது வெறும் தார்ச்சாலைதான். நீளமான சாமான் ஏற்றிய நாளில்தான் பின்னால் பார்க்க வேண்டிய தேவையே அதிகம், அன்றைக்குப் பார்த்துக் கேமரா படுத்துக்கொள்கிறது. அப்போது இறங்கி நின்று கை காட்ட ஒருவர் கூட வர வேண்டும்.

கனமான சாமானை எப்போதும் கேபின் சுவரை ஒட்டி வையுங்கள். இது போல இரண்டு வரிசை சீட் உள்ள டபுள் கேப் வண்டிகளில் தொட்டியின் பின்பாதி பின் ஆக்சிலைத் தாண்டி நிற்கிறது. அங்கே 300 கிலோவை வைத்தால் முன்சக்கரங்களின் மேல் அழுத்தம் குறையும், ஸ்டீயரிங் காற்றில் பிடித்தது போல லேசாகும், ஈரச் சாலையில் பிரேக் போட்டால் முன்பக்கம் வழுக்கும். இரவில் ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணைக் குத்துவதும் இதனால்தான்.

பெட்லைனர், அதாவது தொட்டியின் உட்புறத்துக்கான காப்புப் பூச்சோ தட்டோ இல்லாமல் தொட்டியைப் பயன்படுத்தக் கூடாது. பெயிண்ட் உரிந்த இடத்தில் உரமோ உப்புக்காற்றோ பட்டால் இரண்டு மழைக்காலத்தில் துரு பிடித்துவிடும். பிளாஸ்டிக் தட்டு வகை மலிவு, ஆனால் அதற்கடியில் மணலும் ஈரமும் சேரும். வருடத்துக்கு ஒரு முறை கழற்றிக் கழுவ வேண்டும். ஸ்ப்ரே வகை விலை அதிகம், சாமான் வழுக்காது. பின்னாளில் கழற்ற முடியாது என்பது அதன் குறை.

மழைக்கு என்ன செய்வது? தார்ப்பாய் போதும் என்பது தோட்டத்துக்குப் போகிறவர் கணக்கு. குடும்பத்தோடு போகிறவருக்குப் போதாது. இந்த வண்டியில் டிக்கி என்று ஒன்று கிடையாது. ஐந்து பேர் ஏறினால் பெட்டிகள் எல்லாம் வெளியேதான். மடக்கு மூடி வாங்கினால் கேபினை ஒட்டிய மூலைகளில் தண்ணீர் சொட்டும், ரப்பர் பட்டையை அந்த இடத்தில் மட்டும் இரட்டையாக ஒட்டினால் பெருமளவு நிற்கும். கேனோபி என்றால் டொயோட்டாவின் அங்கீகரிக்கப்பட்ட உபகரணப் பட்டியலிலிருந்து எடுத்து, பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வண்டியின் வடிவத்தை இஷ்டத்துக்கு மாற்ற அனுமதிப்பதில்லை. மூலைக்கடையில் செய்த இரும்புக் கூண்டோடு எஃப்சிக்குப் போனால் கேள்வி வரும்.

காலியாகப் போகும்போதுதான் குதிக்கும்

ஃபார்ச்சூனரும் இதுவும் ஒரே அடித்தளம், ஒரே எஞ்சின். பின்னால் மட்டும் ஃபார்ச்சூனருக்குக் காயில் (சுருள்) ஸ்பிரிங், ஹைலக்ஸுக்கு லீஃப் (பட்டை அடுக்கு) ஸ்பிரிங். லீஃப் ஸ்பிரிங் சுமைக்காகவே வடிவமைத்தது. தொட்டி காலியாக இருக்கும்போது வேகத்தடையில் பின்சீட்டுக்காரர் தலை கூரையைத் தேடும். 100 கிலோ ஏற்றியதும் நிதானமாகும், 250 கிலோவில் சொகுசாகவே போகும். தினசரி காலியாக ஓட்டுகிறவர்கள் ஆக்சிலுக்கு நேர் மேலே 60, 70 கிலோ மணல் மூட்டையைக் கட்டி வைக்கலாம், மழையில் பிடிப்பும் கூடும். சாதாரண ஓட்டத்தில் பின்சக்கர இழுவை, பின்பக்கம் லேசு, டார்க் அதிகம். ஈரமான ரவுண்டானாவில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வால் வீசும். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் பிடித்துவிடும்தான், ஆனாலும் அது பிடிக்க வேண்டிய நிலைக்கே கொண்டுபோகாமல் இருப்பது ஓட்டுநர் வேலை.

டயர் காற்றழுத்தத்தை ஓட்டுநர் கதவு நிலையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்படி வையுங்கள். பங்கில் கேட்காமலே 40 அடித்துவிடுவார்கள், ஏற்கெனவே குதிக்கும் வண்டி அதில் கல் வண்டியாகிவிடும். லீஃப் ஸ்பிரிங்கின் யு-போல்ட்டுகளை முதல் சில ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு ஒரு முறை இறுக்கம் பார்க்கச் சொல்லுங்கள். ப்ரொபெல்லர் ஷாஃப்டில் கிரீஸ் நிப்பிள்கள் இருக்கின்றன. கார்களையே பார்த்துப் பழகிய சர்வீஸ் பையன்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கியர் போட்டு நகரும்போது அடியிலிருந்து டொக்கென்று சத்தம் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இங்கேதான்.

எஞ்சினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2,755 சிசி, நாலு சிலிண்டர் டீசல், 204 பிஎஸ். மேனுவலில் 420, ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர். இரண்டும் ஆறு கியர். டைமிங் செயின் என்பதால் பெல்ட் மாற்றும் செலவு இல்லை. மலை ஏற்றத்தில் ஆட்டோமேட்டிக் கையே ஓங்கியிருக்கிறது, டார்க் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. மேனுவலின் கிளட்ச் கனம், நகர நெரிசலில் இடது கால் கெஞ்சும். நெடுஞ்சாலையில் 90-ல் போனால் லிட்டருக்கு 12 கிமீ வரை, நகரில் 9-ஐ எதிர்பார்க்கலாம். டேங்க் 80 லிட்டர் என்பதால் ஒரு முறை நிரப்பினால் சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய்ச் சேர்ந்து இன்னும் மிச்சம் இருக்கும்.

கவனம் வேண்டிய இடம் டிபிஎஃப், அதாவது புகைக்கரி வடிகட்டி. தினமும் மூன்று நாலு கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் அது சூடேறிக் கரியை எரிக்க வாய்ப்பே இருக்காது. எரிக்கும் வேலை நடக்கும்போது ஐட்லிங் சற்றே உயரும், விசிறி சத்தம் போடும், சூட்டு வாசம் வரும். அந்த நேரத்தில் வீடு வந்துவிட்டதே என்று சாவியை அணைக்காதீர்கள். பாதியில் நின்றால் எரியாத டீசல் எஞ்சின் எண்ணெயில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் அளவு குறையாமல் ஏறிக்கொண்டே போனால் அதுதான் அடையாளம். வாரத்துக்கு ஒரு முறை 60-க்குக் குறையாமல் 20, 25 நிமிடம் ஒரே சீராக ஓட்டுங்கள். ஆஸ்திரேலியாவில் 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை விற்ற ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ டீசல்களின் டிபிஎஃப் குறைபாடு நீதிமன்றம் வரை போய், 2022-ல் டொயோட்டாவுக்கு எதிராகத் தீர்ப்பானது. இந்தியாவில் விற்பது அதற்குப் பிறகு வந்த வண்டி. இருந்தாலும் வடிகட்டியின் சுபாவம் ஒன்றுதான்.

நாலு சக்கர இழுவையும் தண்ணீரும்

டாஷ்போர்டில் திருகு: எச்2 (பின்சக்கர இழுவை), எச்4 (நாலு சக்கர இழுவை), எல்4 (நாலு சக்கர இழுவையே, மெதுவாக ஆனால் அதிக பலத்தோடு). முன், பின் ஆக்சில்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் நடு டிஃபரென்ஷியல் இல்லாத பார்ட்-டைம் அமைப்பு இது. எச்4-ல் முன், பின் ஆக்சில்கள் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். திருப்பத்தில் முன்சக்கரங்கள் அதிக தூரம் போக வேண்டியிருப்பதால், காய்ந்த தார்ச்சாலையில் வண்டி முக்கி முனகி நிற்கும். தொடர்ந்து ஓட்டினால் டயர் தேயும், சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் அடிவாங்கும். மழை பெய்கிறது என்பதற்காக மட்டும் நெடுஞ்சாலையில் எச்4 போடாதீர்கள். மண், சேறு, மணல், கூழாங்கல் என்று சக்கரம் சறுக்க இடமிருக்கும் தரையில்தான் அதற்கு வேலை.

எல்4-க்கு மாற்ற வண்டி முழுதாக நிற்க வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். விளக்கு மினுக்குவது நிற்கும்வரை கியர் போடக் கூடாது. சிக்காவிட்டால் ஓரடி முன்னே பின்னே நகர்த்திப் பாருங்கள், பற்கள் பொருந்திக்கொள்ளும். இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுற்றவைக்கும் பின் டிஃபரென்ஷியல் லாக் பட்டன் கடைசி ஆயுதம். ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்றும்போது மட்டும், ஸ்டீயரிங்கை நேராக வைத்துக்கொண்டு போடுங்கள், வெளியே வந்ததும் எடுத்துவிடுங்கள். லாக்கில் இருக்கும்போது டிராக்‌ஷன் கன்ட்ரோல் வேலை செய்யாது. கடற்கரை மணலில் இறங்கினால் டயர் காற்றை 18 வரை குறைப்பது எந்தப் பட்டனையும்விடப் பலன் தரும், கையோடு ஒரு காற்று கம்ப்ரஸர் வைத்திருந்தால்.

மாதந்தோறும் ஒரு முறை மண் தரையில் எச்4 போட்டு ஒரு கிலோமீட்டர் ஓட்டுங்கள். வருடக்கணக்கில் தொடாமல் விட்டால் மாற்றும் மோட்டார் சிக்கிக்கொள்ளும், வேண்டிய நாளில் விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டே இருக்கும்.

700 மிமீ என்பது சராசரி ஆளின் முட்டிக்கு மேல், தொடைப் பாதி. இது அசையாத தண்ணீருக்கும் மெதுவான வேகத்துக்கும் சொன்ன எண். எல்4, முதல் கியர், நடக்கும் வேகம், முன்னால் ஒரு சிறு அலை உருளும்படி நிறுத்தாமல் போக வேண்டும். எதிரே பேருந்து வந்தால் அதன் அலையே இன்னொரு ஓரடி ஏற்றிவிடும், அதைப் போகவிட்டு இறங்குங்கள். ஓடும் தண்ணீர் என்றால் தரைப்பாலத்தில் முட்டிக்குக் கீழே இருந்தாலும் இறங்க வேண்டாம், எவ்வளவு கனமான வண்டியையும் தள்ளிவிடும். நடுவில் எஞ்சின் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அந்த ஒரு முயற்சியில் கனெக்டிங் ராட் வளையும்.

தண்ணீரைக் கடந்த பிறகு பார்க்க வேண்டியது பின் பிரேக். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். டிரம்முக்குள் போன சேறு தானாக வெளியே வராது. கொஞ்ச தூரம் மெல்லப் பிரேக் பிடித்துக் காயவைத்தாலும், அடுத்த சில நாட்களில் திறந்து சுத்தம் செய்யாவிட்டால் ஷூவும் டிரம்மும் கோடு விழும். டிஃபரென்ஷியல் எண்ணெயையும் ஒரு முறை பாருங்கள். டீ நிறத்தில் பால் கலந்தது போல இருந்தால் உடனே மாற்ற வேண்டும்.

நகரத்துக்குள்

நீளம் 5,325 மிமீ, அகலம் 1,855. அடுக்ககங்களில் வழக்கமான கார் நிறுத்தக் கட்டம் 5 மீட்டர்தான். ஓரடி வெளியே நிற்கும், பக்கத்து வீட்டுக்காரர் வாட்ஸ்ஆப் குழுவில் படம் போடுவார். புக்கிங் தொகை கொடுக்கும் முன் டேப் எடுத்து உங்கள் இடத்தை அளந்துவிடுங்கள். திரும்பும் ஆரம் 6.4 மீட்டர். வால்பாறை, கொல்லிமலை ஊசி வளைவுகளில் வளைவின் வெளி ஓரத்திலிருந்து ஆரம்பிக்காவிட்டால் ஒரே மூச்சில் திரும்பாது. ஹைட்ராலிக் ஸ்டீயரிங் வேறு, நிறுத்திய இடத்தில் திருப்ப முழங்கை பலம் வேண்டும்.

முன்சீட்டு நீண்ட பயணத்துக்கு நல்லது. பின்சீட்டில் முதுகு நிமிர்ந்தே இருக்கிறது, தரையும் உயரம் என்பதால் தொடைக்குத் தாங்கல் குறைவு. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிரச்சினையில்லை, வயதானவர்களை மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்காரவைப்பது பாவம். அவர்களுக்கு ஏறுவதும் சிரமம், பக்கப்படி கட்டாயம். 8 அங்குலத் திரையில் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் ஆப்பிள் கார்ப்ளேவும் உண்டு. உயர்வகையான ஹை வேரியண்டில் 7 ஏர்பேக், இரட்டை மண்டல ஏசி. இந்த விலையில் வேறு கார்களில் வரும் சன்ரூஃப், தானியங்கி பிரேக் சமாச்சாரங்களைத் தேடாதீர்கள்.

விலை ஏறி இறங்கியிருக்கிறது. 2022 மார்ச்சில் 33.99 லட்சத்தில் தொடங்கி, 2023-ல் ஸ்டாண்டர்ட் வேரியண்ட் 30.40 லட்சத்துக்கு வந்தது, 2025 ஜிஎஸ்டி மாற்றத்தில் இன்னும் குறைந்தது. ஷோரூம் விலையோடு நின்றுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம், அதுவே ஐந்து லட்சத்தைத் தாண்டும். உத்தரவாதம் மூன்று வருடம் அல்லது ஒரு லட்சம் கிமீ.

ஸ்டாண்டர்டா ஹையா என்றால், மண்ணில் ஓட்டுகிறவருக்கு ஸ்டாண்டர்ட். அதன் 17 அங்குலச் சக்கரத்தில் டயர் பக்கச்சுவர் உயரம், கல்லடியைத் தாங்கும், ஊர்ப்புறத்தில் டயரும் எளிதில் கிடைக்கும். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் ஹைதான் வழி.

போட்டிக்கு நிற்பது இசுஸு வி-கிராஸ். ஆந்திர எல்லையில் ஸ்ரீசிட்டியில் தயாராகிறது. 1.9 லிட்டர், 163 பிஎஸ், 360 நியூட்டன் மீட்டர். முந்தும் வேகத்தில் ஹைலக்ஸுக்கு ஈடில்லை, ஆனால் தோட்டம், துரவு என்று ஓட்டுகிறவருக்கு அந்தச் சக்தியே மிச்சம், விலையிலும் சில லட்சம் சேமிப்பு. சர்வீஸ் சென்டர் உங்கள் ஊருக்கு எவ்வளவு தூரம் என்பதே பலருக்கு முடிவைச் சொல்லிவிடும், அதில் டொயோட்டாவுக்குத் தெளிவான முன்னிலை.

டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது வீட்டில் உயரமானவர் ஒருவரைப் பின்சீட்டில் உட்காரவைத்து, வேகத்தடை நிறைந்த ஒரு தெருவுக்குள் ஓட்டுங்கள். முடிந்தால் தொட்டியில் 150 கிலோ ஏற்றி அதே தெருவில் இன்னொரு சுற்று. விற்பனையாளர் புறவழிச்சாலைக்குத்தான் கூட்டிப்போகப் பார்ப்பார், அங்கே இந்த வண்டியில் குறையே தெரியாது.